எல்லைக்கோட்டு அப்பா

எல்லைக்கோட்டு அப்பா என்று ஓர் இனம் உண்டு. இதைத் தேடி நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. வாரக் கடைசியில் காலை நேரத்தில், பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு கால்பந்து ஆடும் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வெளியே, எந்த நேரமும் உள்ளே விழுந்துவிடுவார் போல முன்னால் சாய்ந்துகொண்டு ஒருவர் நிற்பார். பக்கத்தில் மடக்கு நாற்காலி ஒன்று விரித்து வைத்திருக்கும். அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையில் பிள்ளைக்கென்று கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். இடைவேளைக்குள் அதை அவரே குடித்துத் தீர்த்துவிடுவார். பின்னே, கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போவது யாருக்கு?

அம்மாக்களில் இந்த இனம் கிடையாதா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. தன் பிள்ளையைக் கோச் எவ்வளவு நேரம் வெளியே உட்கார வைத்தார் என்று கைக்கடிகாரமும் கையுமாக நிற்கும் அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். இன்றைக்கு அப்பாவோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டில் நிம்மதி முக்கியம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். நானும் மைதானத்தைச் சுற்றி நடக்கத்தான் போனேன். இப்போதெல்லாம் பாதி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சர்க்கரை குறையவில்லை. பொழுது நன்றாகப் போகிறது.

எல்லைக்கோட்டு அப்பாவிடம், பிள்ளையை ஏன் விளையாட்டில் சேர்த்தீர்கள் என்று தெரியாமல் கேட்டுவிடாதீர்கள். "ஒழுக்கம் வரும் சார், நாலு பேரோட சேந்து வேலை செய்யறது வரும், தன்னம்பிக்கை வரும், தானா யோசிச்சு முடிவெடுக்கற திறமை வரும், எல்லாத்துக்கும் மேல தோல்வியைத் தாங்கிக்கற மனசு வரும்" என்று மூச்சு விடாமல் சொல்வார். எல்லாம் சத்தியமான பேச்சு. ஒரு சொல்கூடப் பழுதில்லை. ஆனால் விசில் ஊதியதுதான் தாமதம், தானாக முடிவெடுக்க வேண்டிய பிள்ளைக்கு வேண்டிய எல்லா முடிவுகளையும் இவரே எடுத்து, சூடு ஆறுவதற்குள் உள்ளே வீச ஆரம்பித்துவிடுவார். "முன்னாடி போ! ஏன் போனே? பின்னாடி வா! அடி! அடிக்காத! யாருக்காவது குடு! அவளுக்கு ஏன் குடுத்தே?" தோல்வியைத் தாங்கும் மனசு என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்ற பிள்ளை, எதிரணிப் பிள்ளைகளோடு குழாயடியில் தண்ணீர் தெளித்து விளையாடிக்கொண்டிருக்கும். அன்று மதியம் சாப்பாடு இறங்காதது அப்பாவுக்குத்தான்.

ஜெயித்தால் "நாம ஜெயிச்சுட்டோம்" என்பார். தோற்றால் "இவ தோத்துட்டா" என்பார். நடுவில் யாராவது முகத்தைச் சுளித்தால், "நான் ஒண்ணுமே சொல்றதில்ல சார். அவ இஷ்டத்துக்கு விட்டுட்டேன்" என்று கையை விரிப்பார். விரித்த கையாலேயே மகளைப் பின்னால் போகச் சொல்லிச் சைகையும் காட்டுவார்.

நீங்கள் ஆடியதுண்டா என்று கேட்டால் உடனே வலது முட்டியைத் தடவுவார். எல்லைக்கோட்டு அப்பாக்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு முட்டி உண்டு. அந்த முட்டி மட்டும் அன்று அடிபடாமல் இருந்திருந்தால் உலகம் ஒரு மாபெரும் ஆட்டக்காரரைப் பார்த்திருக்கும். ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம். இவருக்கு முட்டி கோணல்.

இந்த இனத்தில் நான் அருகில் இருந்து பார்த்த உயர்ந்த மாதிரி, எங்கள் தெருவில் இருக்கும் பல் டாக்டர். தங்கமான மனிதர். அவர் தொழிலையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அவர் பேசுவது, வாயை ஆவென்று திறந்துகொண்டு, நாக்குக்கு அடியில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களோடு. அவர் சொன்னதற்கு மறுப்பு என்று ஒன்றை அவர் காது கேட்டதே கிடையாது. அந்தப் பழக்கத்தோடு மைதானத்துக்கு வருவார்.

அவருடைய மகள் பத்து வயதுப் பெண். பந்தின் பின்னால் உருண்டுகொண்டே திரிவதால் அணியில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். உயரம் போதாது, வேகம் அதிகம். வலது கால்காரி என்பதால் கோச் அவளை வலது ஓரத்தில் ஆட வைத்திருந்தார். டாக்டருடைய மனைவி மைதானம் வரை வருவார், காரை விட்டு இறங்க மாட்டார். "எனக்கு வெயில் ஒத்துக்காதுங்க" என்பார். மழை மூட்டமாக இருந்த நாளிலும் அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்களுக்கு முன் பட்டாணி ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினாள். ஆட்டம் தொடங்குமுன் அப்பா நாற்காலியை எந்தப் பக்கம் விரிக்கிறார் என்று பார்ப்பாள். டாஸ் முடியும்வரை காத்திருப்பாள். பிறகு கோச்சிடம் ஓடி, "சார், இன்னிக்கு முதல் பாதி லெஃப்ட்ல ஆடறேன், ரெண்டாவது பாதி ரைட்ல ஆடறேன்" என்பாள். இன்னொரு நாள் அதையே தலைகீழாகச் சொல்வாள். கோச் இளைஞர். பிள்ளை ஏதோ பெரிய உத்தியோடு வந்திருக்கிறது என்று நம்பி, சரி என்றுவிட்டார். இடது காலால் ஆட அவளுக்கு வராது. அதனால் பள்ளி விட்டு வந்ததும் வீட்டுச் சுவரோடு பந்தை இடது காலால் உதைத்து உதைத்துப் பழகினாள். ஒரு காலாண்டுக்குள் அவளுக்கு இரண்டு காலும் வந்துவிட்டது.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு காலும் பேசுது சார்! இந்த வயசுல ரெண்டு ஓரமும் ஆடற பிள்ளைய நீங்க பாத்திருக்கீங்களா? எல்லாம் நாம குடுக்கற ஊக்கம்!" என்று என்னிடம் சொன்னார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டே ஒரு நோயாளியிடமும் சொன்னாராம். நோயாளி ஆமாம் போட்டாராம். வேறு என்ன செய்வார்?

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும் அல்லவா? முதல் பாதியில் அப்பாவுக்கு எட்டத்தில் இருக்கும் இடது ஓரம், பக்கம் மாறியதும் அப்பாவின் மூக்குக்கு நேரே வந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பட்டாணி வலது ஓரத்துக்குப் போய்விடுகிறாள். எந்தப் பாதியானாலும், எந்த ஓரமானாலும், மைதானத்தின் அகலம் முழுவதும் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கிடந்தது. நான் கண்டதை ஒரு நாள் கோச்சும் கண்டுகொண்டார். பாவம், அவருக்குச் சின்ன வயது. நல்லது செய்வதாக நினைத்து டாக்டரைத் தனியே அழைத்தார். நான் வேலியோரம்தான் நின்றிருந்தேன்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா அந்த ஓரத்துக்குப் போறது எதுக்குன்னா… அங்க உங்க குரல் கேக்காது."

டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா! கேக்கலையா? இத்தனை நாளா கேக்காமலா ஆடிட்டிருக்கா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

கோச் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அடுத்த ஆட்டத்தில் டாக்டர் நாற்காலியை இந்தப் பக்கம் விரித்துவிட்டு, விசில் ஊதியதும் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஓடினார். மகளுக்கு இனி தெளிவாகக் கேட்கும் என்ற பூரிப்பு முகத்தில். பட்டாணி கோச்சிடம் சொல்லி இடம் மாறினாள். டாக்டரும் நாற்காலியோடு மாறினார். அவள் மறுபடி மாறினாள். அவர் மறுபடி மாறினார். வேறு யாராக இருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. இடைவேளையில் அவள் கோச்சிடம், "கால் வலிக்குது சார், நான் உக்காந்துக்கறேன்" என்றாள். எந்தக் கால் என்று கோச் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும்" என்றாள்.

அதற்கடுத்த வாரம் அவள் ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்றாளாம். காருக்குள் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "'விட்டுடறேம்மா, இனிமே எனக்கு விளையாட்டே வேண்டாம்'னு சொல்றா சார். சுவத்துல பந்து உதைக்கற சத்தம் வீட்ல கேட்டு நாலு நாளாச்சு. இன்னிக்கு மட்டும் வாடி, டீம்ல ஆள் கொறையுதுன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்." பந்தென்றால் உயிரை விடும் பிள்ளை அது.

ஆட்டம் தொடங்கியது. பட்டாணி அன்று கோச்சிடம் எதுவும் கேட்கவில்லை. வலது ஓரம் என்றார், வலது ஓரத்தில் நின்றாள். அப்பாவுக்குப் பத்தடி தூரம். டாக்டருக்கு அன்று நல்ல நாள், குரல் வெண்கலமாக இருந்தது. யாரோ தட்டிவிட்ட பந்து உருண்டு அவள் காலடிக்கு வந்தது. எதிரே ஆளில்லை, கோல் வரை வெறும் புல்தரை.

"ஓடு! ஓடு! நில்லு! நடுவுல குடு! குடுக்காத, நீயே அடி! லெஃப்ட் கால்ல! ஏய், லெஃப்ட் கால்லடா கண்ணு!"

பட்டாணி பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினாள். திரும்பினாள். பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே வந்து, அப்பாவின் காலடியில் விட்டாள்.

"நீங்களே அடிங்கப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அழவுமில்லை. கடைக்குப் போய்க் களைத்து வந்தவள் பையை இறக்கி வைப்பது போலச் சொன்னாள். விசில்காரர் விசிலை வாய் வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். மைதானம் ஓய்ந்துவிட்டது.

டாக்டர் பந்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அந்த அமைதி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? சுற்றிலும் நின்றவர்கள் யார்? எல்லாம் அவருடைய சொந்த இனம்!

"டாக்டர், உள்ள தட்டி விடுங்க!"

"கால்ல வேணாம், கைல எடுங்க!"

"கைல எடுக்காதீங்க சார், ரூல் இருக்கு!"

"கோச்சுக்குக் குடுங்க!"

"அவருக்கு எதுக்கு? பாப்பாகிட்டயே குடுங்க!"

"எதையாவது சீக்கிரம் செய்ங்க சார், டைம் போகுது!"

ஒவ்வொரு குரலுக்கும் டாக்டரின் தலை ஒரு பக்கம் திரும்பியது. கால் ஒன்றைத் தூக்கினார், வைத்தார். குனிந்தார், நிமிர்ந்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. பளபளக்கும் தோல் செருப்பு பட்டதில், பந்து தானாகவே நகர்ந்து வேலிப் பக்கம் உருண்டு போனது. அதை நிறுத்தவும் அவருக்குத் தோன்றவில்லை.

"யார் சொல்றதைக் கேக்கறதுன்னே தெரியலடா" என்றார், இவருக்கா இந்தக் குரல் என்று கேட்கும்படியான சின்னக் குரலில்.

"எனக்கும் அப்படித்தான்ப்பா இருக்கும்" என்றாள் பட்டாணி.

பல் டாக்டருக்கு ஒரு பதில் வந்து சேர்ந்தது. அவர் வாய் திறந்திருந்தது.

கோட்டுக்கு வெளியே கொண்டுபோனதால் பந்து சட்டப்படி எதிரணிக்குப் போனது. அன்று அவர்கள் தோற்றார்கள். யார் தோற்றார்கள் என்று டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை.

திருந்திவிட்டாரா என்கிறீர்கள். அவ்வளவு சுலபமா? போன வாரம் பார்த்தேன். வாய் இறுக்க மூடியிருந்தது. ஆனால் கைகள் இரண்டும் காற்றைக் குத்தின, தோள்கள் பந்து போகும் பக்கமெல்லாம் சாய்ந்தன, முட்டிகூட மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பட்டாணி இரண்டு பாதியும் வலது ஓரத்திலேயே ஆடினாள். அப்பாவுக்கு நேர் எதிரே ஒரு தடவை பந்தை அநியாயமாகக் கோட்டைவிட்டாள். சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். டாக்டர் இரண்டு கைகளையும் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப, எங்கோ ஒரு மரத்தை ரசித்தார். அவள் சிரித்துக்கொண்டே பந்துக்குப் பின்னால் ஓடினாள். காரின் கதவு திறந்தது. அவருடைய மனைவி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். நல்ல சுள்ளென்ற வெயில்.

சரி, இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நான் அப்படிப்பட்ட ஆளில்லை என்கிறீர்கள். என் பிள்ளை சதுரங்கம்தான் ஆடுகிறது என்கிறீர்கள். எனக்குப் பிள்ளையே கிடையாது என்றுகூடச் சொல்வீர்கள். இருக்கட்டும். காலடியில் பந்தை வைத்துக்கொண்டு டாக்டர் திருதிருவென்று விழித்தாரே, அந்த இடத்தைப் படிக்கும்போது, "அட, இப்படிச் செய்ய வேண்டியதுதானே ஐயா!" என்று உங்கள் மனம் அவருக்கு ஒரு யோசனை சொன்னதா, இல்லையா?

சொன்னதா? கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கோட்டை மிதிக்கிறீர்கள்.