மூன்று அங்குல மூடாக்கு

"கேட்டை நல்லாத் திறங்கண்ணே, கொட்டிட்டுக் கிளம்பணும்" என்றார் லாரி டிரைவர்.

தையற்காரர் கேட்டைத் திறந்துவிட்டு லாரிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். அவர் கேட்டிருந்தது பத்து மூட்டை மரச்சீவல். மூட்டை ஒன்றையும் காணோம். தார்ப்பாயை விலக்கினால் லாரி நிறையச் சீவல்.

"தம்பி, இது வேற யாரோ கேட்ட லோடு."

டிரைவர் சீட்டை நீட்டினார். பெயர் சரி, விலாசம் சரி, போன் நம்பரும் சரி. கீழே 'ஒரு லோடு' என்று எழுதியிருந்தது.

"நர்சரி முதலாளிக்கு ஒரு போன் போடுறேன், இரு."

"அவர் மச்சினனுக்கு இன்னைக்குக் கல்யாணம். சாயங்காலம் வரைக்கும் போனை அணைச்சுத்தான் வெச்சிருப்பார்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் ஏதோ ஒரு நெம்புகோலை இழுத்தார்.

தூசி அடங்கியபோது லாரி தெருமுனை தாண்டியிருந்தது. வாசலில் ஒரு குன்று நின்றது. அதன் ஒரு பக்கம் கேட்டை மூடவிடாமல் செய்தது. மறுபக்கம் மகளின் ஸ்கூட்டரைப் பாதி விழுங்கியிருந்தது.

தையற்காரர் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கணக்கு அவருடையது. வெயிலில் பாத்தி மண் வெடித்து, தக்காளிச் செடிகள் மத்தியானமானால் தலை தொங்கிப் போவதைப் பார்த்து, மூடாக்குப் போடலாம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். காய்ந்த இலை காற்றில் பறக்கும். வைக்கோலில் விதை ஒளிந்திருந்து முளைத்துத் தொலைக்கும். ஆகவே மரச்சீவல். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து பாத்தியை அளந்தார். நீளம் இருபது அடி, அகலம் ஆறு அடி, கனம் மூன்று அங்குலம். மொத்தம் முப்பது கன அடி. மூட்டைக்கு மூன்று கன அடி பிடிக்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார்.

"பத்தே மூட்டை. ஒரு பிடி மிஞ்சாது, ஒரு பிடி குறையாது" என்று புதன்கிழமை சாப்பிடும்போது அறிவித்தார்.

மனைவி, மாமியார், மகள் மூவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அவர் பிடி மிஞ்சாமல் போட்ட கணக்குகளோடுதான் அந்த வீடு வாழ்ந்துகொண்டிருந்தது. கூடத்துத் திரைச்சீலை ஜன்னலின் அடிவிளிம்புக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. சமையலறைச் சுவரின் கடைசி மூலைக்குப் பெயிண்ட் எட்டவில்லை. ஆனால் இதுவரை ஒரு பொருளும் அளவுக்கு மேல் வந்ததில்லை. அதுதான் இப்போது அவரைக் கலக்கியது. பையிலிருந்த காகிதத்தை எடுத்து மூன்று முறை கூட்டிப் பெருக்கினார். பத்துதான். அப்படியானால் போனில் வாய் தவறியிருக்க வேண்டும். பத்து என்பதற்கு நூறு என்று சொல்லித் தொலைத்தோமோ?

மனைவி வெளியே வந்தாள். தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் குன்றைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அதனால என்னங்க, மண்ணுக்கு நல்லதுதானே. முதல்ல டீ குடிங்க" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு பதிலை அவர் கேட்டதில்லை.

டீயைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினார். மூன்று அங்குலம் பரப்பினார். குன்று அசைந்து கொடுக்கவில்லை. ஆறாக்கினார், எட்டாக்கினார். தக்காளிச் செடிகள் கழுத்துவரை போர்வை இழுத்துக்கொண்ட நோயாளிகளைப் போல ஆயின.

"தண்டை ஒட்டிப் போட்டா அழுகிப் போயிடும்ப்பா" என்றாள் மகள், சிநேகிதிகளோடு எங்கோ போகவிருந்தவள். "நான் எங்கயும் போகலை. வாங்க, சேர்ந்தே தள்ளிடலாம்."

இருவரும் மண்டியிட்டு, ஒவ்வொரு தண்டையும் சுற்றி ஒரு சாண் விலக்கினார்கள். விலக்கியதைப் போட வேறு இடமில்லாமல் கூடை கூடையாகச் சுமந்து கொல்லைப்பக்கச் சுவரோரம் குவித்தார் தையற்காரர். அரைமணி நேரத்தில் குளியலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, தண்ணி போக மாட்டேங்குது. கணுக்கால் வரைக்கும் நிக்குது."

சாக்கடை வாய் குவியலுக்கு அடியில் இருந்தது. பதறிப்போய் மண்வெட்டியால் இழுத்தார். தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் வெளியேறியது. சீவல் அத்தனையும் அதில் மிதந்து, வேலிக்கடியில் நுழைந்து, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியின் கீழே போய் ஒதுங்கியது. கொடியிலிருந்து நழுவி விழுந்திருந்த வெள்ளைப் போர்வை ஒன்றும் அங்கே கிடந்தது.

போர்வையைத் தாமே துவைத்துத் தருவதாக வேலிக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மாமியார் ஈரக்காலோடு நின்றிருந்தார். மருமகன் வாங்கும் சோப்பில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பவர்.

"மன்னிச்சுக்கோங்க அத்தை."

"விடுங்க மாப்பிள்ளை. மனுஷன்னா ஆயிரம் இருக்கும்" என்ற மாமியார், ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு தள்ளாடியபடி குன்றை நோக்கி நடந்தார். தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் இன்னும் முக்கால் குன்று பாக்கி. மகள் யோசனை சொன்னாள். துணி சுற்றி வந்த அட்டையில் சாக்பீஸால் 'இலவசம், எடுத்துக்கொள்ளவும்' என்று பெரிதாக எழுதிக் குன்றின் உச்சியில் செருகினார்கள். எல்லோரும் சாப்பிட உள்ளே போனார்கள்.

திரும்பி வந்தபோது குன்று வளர்ந்திருந்தது.

அட்டை காற்றில் விழுந்து குப்புறக் கிடந்தது. அதன் மேல் செம்பருத்திக் கிளைகள், வாழைச் சருகு, யாரோ வெட்டிய புல். எதிர்வீட்டுப் பல் டாக்டர் இன்னொரு கூடைக் கிளைகளோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், என்ன இது?"

"நீங்க எல்லார்கிட்ட இருந்தும் தோட்டக் குப்பையைச் சேகரிக்கிறீங்கன்னு நினைச்சேன். ரொம்ப நல்ல காரியம்" என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார் டாக்டர்.

சாயங்காலம் ஆயிற்று. நால்வர் தலையிலும் சீவல். ஸ்கூட்டரின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. தையற்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒருத்தராவது ஒரு சொல் திட்டியிருந்தால் அவர் மனம் லேசாகியிருக்கும். இந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

"திரைச்சீலைக்குத் துணியைக் குறை சொன்னேன். பெயிண்டுக்கு டப்பாவைக் குறை சொன்னேன்" என்றார். "இந்தத் தடவை யாரையும் சொல்றதுக்கில்லை. கணக்கு என்னுது, தப்பும் என்னுது. ஆனா நீங்க மூணு பேரும் இன்னைக்கு என்னைத் தாங்கினீங்க பாருங்க, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மனைவி முந்தானையிலிருந்து ஒரு சீவலைப் பிடுங்கி உற்றுப் பார்த்தாள். மகள் விரல் நகத்தைக் கடித்தாள். மாமியார் முறத்தைத் தட்டினார்.

"அப்படியெல்லாம் பெரிய வார்த்தை சொல்லாதீங்க" என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. நர்சரிக்காரர், கல்யாணத்துச் சட்டையோடு.

"போனை இப்பதான் ஆன் பண்ணினேன் மாஸ்டர். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கீங்க. லோடு சரியா வந்துச்சா?"

தையற்காரர் எழுந்து கைகூப்பினார். "என்னை மன்னிக்கணும். போன்ல நான்தான் அளவை மாத்திச் சொல்லிட்டேன் போல."

"என்னங்க, அவருக்குக் கல்யாண அசதி, அனுப்பி வைங்க" என்றாள் மனைவி அவசரமாக.

"அசதியெல்லாம் இல்லைம்மா" என்று சிரித்தார் நர்சரிக்காரர். "மாஸ்டர், நீங்க சொன்னது பத்து மூட்டைதான். நீங்க போனை வெச்சதும் உங்க சம்சாரம் கூப்பிட்டு 'அவர் சொன்னதை ரெண்டு மடங்காக்குங்க'ன்னாங்க, மறுநாள் உங்க மாமியார் கூப்பிட்டு அதையே சொன்னாங்க, சாயங்காலம் பாப்பாவும் அதையே சொல்லுச்சு, ஆக எண்பது மூட்டை, ஒரு முழு லோடு. மூணு பேரும் 'அவருக்குத் தெரிய வேணாம், பாவம், மனசு நொந்துடுவார்'னு சொன்னதால நானும் உங்ககிட்ட மூச்சு விடலை."