ஒதிலுக்கு லியோன் பிடிக்க வேண்டும்

"முன்கூட்டியே பேர் பதிஞ்சிருக்கணும் சார்," என்றார் லியோன் நகர மன்றத்து வாசலில் நின்ற காவலாளி. "போன வாரமே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

தியெரி அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். உள்ளே தங்கப் பூச்சும் தொங்கு விளக்குமாக ஒரு மாடிப்படி தெரிந்தது. வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கிற மாளிகைகளையெல்லாம் செப்டம்பரில் இந்த ஒரு சனி ஞாயிறு மட்டும் ஜனங்கள் பார்க்கட்டும் என்று சும்மா திறந்து விடுவார்கள். அந்தச் 'சும்மா'வை நம்பித்தான் அவன் வந்திருந்தான்.

"பரவாயில்ல மாப்ளே," என்றாள் பக்கத்தில் நின்ற ஒதில். "பார்க்காம போனா மனசுல ஒரு குறையா இருக்கும், அவ்வளவுதான். வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்து, நிதானமா பார்த்துட்டுப் போறேன்."

'இன்னும் கொஞ்ச நாள்' என்றதுமே தியெரி அவளை வாசலிலிருந்து நகர்த்தினான்.

ஒதில் அவன் மனைவி கரீனுக்கு அக்கா. நெவேர் என்கிற சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாள். வருஷா வருஷம் செப்டம்பரில் நான்கு நாள் தங்கிப் போக வருவாள். போன வருஷம் கிளம்புகிற அன்றைக்கு, "ஊரைச் சரியாவே பார்க்கலையே" என்று பெட்டியைக் கீழே வைத்தவள், குளிர்காலம் வந்து, கோட்டு எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நெவேருக்குத் திரும்பினாள்.

தியெரி பேக்கரியில் வேலை பார்ப்பவன். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் விழிக்கும்போது கொட்டாவி விடுகிற பிழைப்பு. சாயங்காலமே படுத்தால்தான் தூக்கம் உண்டு. வீட்டிலோ ஒரே ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கூடத்துச் சோபாவில் ஒதில் சாய்ந்துகொண்டு டிவியில் சமையல் போட்டி பார்ப்பாள். பார்ப்பதோடு நிற்காமல், போட்டியில் இருப்பவர்களுக்கு உரத்த குரலில் யோசனையும் சொல்வாள். அதைக்கூட அவன் தலையணையால் காதை மூடிப் பொறுத்துக்கொண்டான். ஆனால் தினமும் காலையில் அவன் சுட்டுக் கொண்டுவரும் ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல இன்னும் மொறுமொறுன்னு இருக்கும்" என்பாளே, அதுதான் அவனைக் கொன்றது. இருபது வருஷமாக ரொட்டி சுடுகிறவன் அவன்.

அதனால் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தான். இன்று ஞாயிறு. சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்கு ரயில். அதற்குள் அவள் "போதும், லியோனைப் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். கையிலும் காசு இல்லை. போன மாதம் காரின் கிளட்ச் அதைத் தின்றுவிட்டது. காசில்லாமலும் காட்ட வேண்டும், கண்ணுக்கும் மனசுக்கும் நிறையவும் காட்ட வேண்டும். கரீனோ தலைவலி என்று படுத்துவிட்டாள். கிளம்பும்போது, "மூணு மணி வாக்குல நம்ம மேட்டுப் பக்கமே கூட்டிட்டு வாங்க, இங்கதான் காத்து நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

நகர மன்றம் கைவிட்டதும் தியெரி அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். சோன் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து சாப்பிடக் காசு கேட்க மாட்டார்கள். பையில் கடையில் விற்காமல் மிஞ்சிய ரொட்டியும், ஒரு துண்டு பாலாடைக்கட்டியும், சிவப்புப் பாதாம் மிட்டாய் பரப்பிய ஒரு பணியாரமும் இருந்தன. வெயில் இதமாக இருந்தது. படகுகள் போயின. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதே ஒதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு ஆடுது மாப்ளே."

"எந்தப் பல்லு?"

"போன வருஷம் மூடி போட்ட பல்லு. உங்க மிட்டாய் கல்லு மாதிரி இருக்கு. நெவேர்ல பல் டாக்டரைப் பார்க்கணும்னா பொங்கி வழியற கூட்டம். இங்க நல்ல டாக்டரா யாராவது இருப்பாங்க இல்ல? நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாமா?"

தியெரி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். லியோனில் பல் டாக்டர்களே இல்லை என்று சொல்ல முடியாது. எதிர்க்கரையில் ஒரு பல் டாக்டரின் பலகை பளிச்சென்று தெரிந்தது. இங்கே டாக்டர்கள் எல்லாரும் கை வைத்தால் பல்லைப் பிடுங்கித்தான் விடுவார்கள் என்று ஒரு கதையைக் கட்டினான். பேக்கரியில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் கடவாய்ப் பல்லுக்குப் போய் முன்பல்லை இழந்து வந்ததாகச் சொன்னான். ஒதில் கவலையோடு கேட்டுக்கொண்டு, ஆடுகிற பல்லை ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தால் மீதிப் பணியாரத்தையும் தின்று முடித்தாள்.

பிறகு ஏறினார்கள். லியோனில் காசில்லாமல் பார்க்கக் கூடியவற்றில் முக்கால்வாசி மேட்டில்தான் இருக்கின்றன. மெட்ரோவில் போகலாம் என்றால் ஒதில் கேட்கவில்லை. நடந்தால்தான் ஊர் தெரியும் என்றாள். விடிவதற்கு முன்னாலிருந்து நின்ற கால்களோடு தியெரி படிப்படியாக ஏறினான். பழைய நெசவாளர்கள் பட்டுத் துணியை மழையில் நனையாமல் கொண்டு போன உள்வழி ஒன்றைக் காட்டுகிறேன் என்று ஒரு கதவைத் தள்ளி நுழைந்தான். அடுத்த தெருவில் வெளியே வர வேண்டிய கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்தால் வந்த கதவும் சாத்திக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒருவர், இது சத்திரமா என்று கேட்டார். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து கதவைத் திறந்து விடுவதற்குள் தியெரி அவருடைய முற்றம், தூண், மாடிப்படி எல்லாவற்றையும் புகழ்ந்து தீர்த்துவிட்டான்.

ஒதில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரயிலை நினைக்கிறாள் என்று அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"இந்தத் தெருவுல ஏறலாம் மாப்ளே. நிழலா இருக்கு."

அந்தத் தெருவில் நிழல் மட்டுமில்லை, ஒரு வரிசையும் இருந்தது. ஒரு பழைய கட்டடத்தின் வாசலிலிருந்து நடைபாதை வரை ஜனங்கள் நின்றார்கள். பக்கத்துச் சுவரில் அந்த வார இறுதியின் 'பாரம்பரிய தினங்கள்' சுவரொட்டி ஒட்டியிருந்தது. தியெரி யோசிக்கவேயில்லை. பாரம்பரிய தினத்தன்று லியோன்காரன் ஒரு வரிசையைக் கண்டால் முதலில் போய் நிற்பான். எதற்கு என்பதை நின்ற பிறகு கேட்பான். பெரிய வரிசை என்றால் பெரிய சமாச்சாரம், அவ்வளவுதான் கணக்கு.

நின்ற பிறகு முன்னால் இருந்த இளைஞனிடம் கேட்டான். "எந்த மாடி?"

"மூணாவது. வெளிச்சம் பிரமாதமாம்," என்றான் அவன் பதற்றமாக. கையில் ஒரு கோப்பு வைத்திருந்தான். இன்னும் பலர் கையிலும் கோப்பு இருந்தது. குறிப்பெடுக்கிற ஆட்கள், படித்தவர்கள் என்று தியெரி மரியாதையோடு நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது மாடியில் கதவு விரியத் திறந்திருந்தது. சாமான் ஒன்றும் இல்லாத ஒரு பெரிய அறை, அதையொட்டி ஒரு சின்ன சமையலறை. உயரமான கூரை, தடித்த மர உத்தரங்கள், ஆளுயர ஜன்னல்கள். ஜன்னலோரம் ஒரு மடக்கு நாற்காலியில் வெள்ளை முடி அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஆட்களைப் பார்த்துச் சலித்த முகம். பாரம்பரியச் சங்கம் எதிலிருந்தாவது சேவைக்கு வந்தவளாக இருக்கும் என்று தியெரி எண்ணினான்.

ஆனால் யாரும் எதையும் விளக்கவில்லை. வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டினார்கள். ஒருவர் அளவு நாடாவை வைத்து அளந்தார். ஒதில் அறை நடுவில் நின்று, "ஒண்ணுமே இல்லையே மாப்ளே, இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றாள்.

இதுவும் கைவிட்டால் அவ்வளவுதான். சோபா, சமையல் போட்டி, பல் டாக்டர் எல்லாம் தியெரியின் கண் முன்னால் வந்தன. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கூரையைப் பாருங்க அக்கா. ஏன் இவ்வளவு உசரம்? தறி. ஆள் உசரத்துக்கு ரெண்டு மடங்கு தறி இங்கதான் நின்னுச்சு. நெசவு பண்ற குடும்பம் மொத்தமும் இந்த ஒரு ரூம்ல. அந்த மூலைல சமையல், மேல பரண்ல தூக்கம்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தியெரிக்கு உற்சாகம் வந்தது. வாழ்நாளில் அவன் பேச்சை ரொட்டி மாவு தவிர வேறு யாரும் நின்று கேட்டதில்லை.

"குளிர்காலத்துல எப்படி இருந்தாங்க பாவம்?" என்று ஒதில் எடுத்துக் கொடுத்தாள்.

"நரகம் அக்கா. இந்த ஜன்னலைப் பாருங்க, எவ்வளவு பெரிசு. காத்து சும்மா பூந்து விளையாடும். எவ்வளவு அடுப்பு எரிச்சாலும் சூடெல்லாம் மேல கூரைக்குப் போயிடும், கீழ இருக்கிறவன் நடுங்க வேண்டியதுதான்."

நாடாக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

"சுவர் ஈரமா இருக்குமா?" என்று ஒதில் மேலும் கேட்டாள்.

"இருக்காமலா? இந்த மேடு முழுக்க அடியில தண்ணி. இந்தச் சுவருக்குள்ள எத்தனை பேர் இருமியே செத்திருப்பாங்க தெரியுமா? உத்தரத்துல சின்னச் சின்ன ஓட்டை தெரியுதில்ல, அது புழு. இன்னும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கும்."

ஒரு இளம் ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக வெளியேறியது.

"சத்தம் கேக்குமா?" என்றான் வரிசையில் முன்னால் நின்ற அந்த இளைஞன், பலவீனமாக.

"பலகைத் தளம் தம்பி. மேல் வீட்டுக்காரன் தும்மினா இங்க நீங்க மூக்கைத் துடைச்சுக்கணும்."

இளைஞன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். அவன் கீழே போய்ச் சொன்னதைக் கேட்டோ என்னவோ வாசலில் நின்ற வரிசையும் கலையத் தொடங்கியது. லியோன்காரர்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது, நெசவாளியின் துயரத்தைக் கேட்கக்கூட நேரமில்லை என்று தியெரி வருத்தப்பட்டான். ஆனால் ஒதில் நகரவில்லை. அவன் எலிகளைப் பற்றிச் சொன்னான், கேட்டாள். வளைந்த படிக்கட்டில் சவப்பெட்டியை இறக்க முடியாமல் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள் என்று, அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொன்னான். அதையும் வாயைப் பிளந்து கேட்டாள்.

கடைசியில் அந்த அறையில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். ஒதில் ஜன்னலருகே போய்க் கீழே ஆற்றையும், கூரைகளையும், அதற்கப்பால் தெரிந்த மலையையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு தியெரி காலையிலிருந்து தவம் கிடந்த அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"மனசு நிறைஞ்சுபோச்சு மாப்ளே. இதுக்கு மேல இந்த ஊர்ல நான் பார்க்க வேண்டியது எதுவும் இல்ல."

தியெரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காலையிலிருந்து பட்ட களைப்பெல்லாம் ஒரேயடியாக இறங்கியது. மணியும் ஆகவில்லை, ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ஸ்டேஷனில் அவளுக்கு ஒரு காபிகூட வாங்கித் தரலாம் என்று தோன்றியது. அவளுடைய பெட்டியைத்தான் தூக்க வேண்டும். இந்த முறை அவள் வந்து இறங்கிய அன்றைக்கு அது ஏனோ பிணக் கனம் கனத்தது. உள்ளே வாணலிகள் மோதுகிற மாதிரி சத்தம் வேறு. அதனால் என்ன, சந்தோஷமாகத் தூக்குவான்.

நாற்காலி அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பக்கத்திலயா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தெரு தள்ளி."

"என்ன வேலை?"

"பேக்கரி. இருபது வருஷமா ஒரே இடம்."

"அப்ப வேலை நிரந்தரம்தான்."

"அடுப்பு இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்," என்று தியெரி சிரித்தான். நல்ல அம்மாள், ஆர்வமாக விசாரிக்கிறாள். "இவங்க என் வீட்டுக்காரியோட அக்கா. ஊர் சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன். குடும்பம்னா செய்யணும் இல்லையா?"

"இந்தக் காலத்துல யார் செய்யறா?" என்றாள் அவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, கவுன் பைக்குள் கைவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள். கதவைப் பூட்டப் போகிறாள் என்று தியெரி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அவள் அவனைத் தாண்டிப் போய்ச் சாவியை ஒதிலின் உள்ளங்கையில் வைத்து, அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க சம்பளச் சீட்டெல்லாம் உங்க சம்சாரம் போன வாரமே அனுப்பிட்டாங்க, இவங்களுக்கு ஜாமீன் நிக்கிற உங்களை நேர்ல பார்க்காம வீட்டை வாடகைக்கு விடமாட்டேன்னு சொன்னது நான்தான். இவ்வளவு குறையும் தெரிஞ்சே சம்சாரத்தோட அக்காவைக் குடி வைக்க வந்திருக்கீங்களே, உங்களை மாதிரி மனுஷனை நான் பார்த்ததே இல்ல."