பங்குனி வெயிலில் பனிச்சரிவு

ஜவ்வாது மலையில் பனிச்சரிவால் இதுவரை ஒருவரும் சாகாததற்கு முழுமுதற் காரணம் எங்கள் ஐஸ் மிலிட்டரிதான். அங்கே பனிச்சரிவே கிடையாது என்பது அடுத்த காரணம்.

இமயமலையில் காவல் நின்றுவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். ஜமுனாமரத்தூர் போகும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வீடு. வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்று பலகை இருக்கும். அதன் கீழேயே வாயில் விரல் வைத்தபடி இவர் நிற்பார். ஜீப் ஓட்டும் நான் அப்போதெல்லாம் இருவருக்கும் பொதுவாகப் பாதி ஹாரன் அடிப்பேன்.

மார்கழியில் நிம்மதியாக இருப்பார். பங்குனி பிறந்தால்தான் பதற்றம்.

"குளிர்ல பனி கெட்டியா புடிச்சுக்கும்டா. வெயில் ஏறுனா உள்ள தண்ணி எறங்கி, ஒரு சத்தம் போட்டாலே மொத்தமா வழுக்கிக்கினு வரும்."

"இங்க ஏதுண்ணா பனி? புளியமரம்தான் கீது."

"அங்கயும் ஒண்ணும் வராதுன்னுதான்டா போனோம்."

ஜோசியர் அவருடைய ஒரே மகளுக்கு முகூர்த்தம் குறித்தது பங்குனியில், நன்றாக வெயில் ஏறிய பிறகு. புதூர்நாட்டு மாப்பிள்ளை வீட்டாரை மேளம், சரவெடியோடு என் ஜீப்பில் கொண்டுவந்தேன். வளைவில் மிலிட்டரி பட்டு வேட்டியோடு நடுரோட்டில் கையை விரித்து நின்றார். தோளில் சிவப்பு ரிப்பன் சுருள்.

"மேளம் வேணாம், வெடி வேணாம். எறங்கி, இடுப்புல ரிப்பன் கட்டிக்கினு ஒருத்தர் ஒருத்தரா வாங்க. பொதைஞ்சா ரிப்பனப் பாத்துத் தோண்டிடலாம்."

கல்யாணத்தன்று புதைப்பதைப் பற்றிப் பேசியது மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாய்யா இது? பொண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டியத் திருப்பு!"

அந்த வளைவில் ஜீப்பைத் திருப்ப இடமில்லை. கல்யாணம் அதனால்தான் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தது.

அதற்குள் மணப்பெண்ணே இறங்கி வந்தாள். கூறைப்புடவைக்கு மேல் சிவப்பு ரிப்பன். தனியாக வளைவைத் தாண்டி மாப்பிள்ளை முன்னால் நின்றாள்.

"பனியில அப்பா கூடப் போனவங்க யாரும் திரும்பி வரலைங்க. நீங்கல்லாம் பத்திரமா தாண்டுறதப் பாத்தா அவரு இன்னிக்காவது தூங்குவாருங்க."

மாப்பிள்ளை இறங்கினார். "ரிப்பன் குடுங்க மாமா."

அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள். மேளக்காரர் மேளத்துக்கும் ஒரு ரிப்பன் கேட்டு வாங்கினார். தாய்மாமன் கடைசியாக, வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். மிலிட்டரி ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். காலி ஜீப்போடு வந்து சேர்ந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வந்துட்டாங்கடா" என்று சொல்லி அழுதார்.

அன்றிலிருந்து அந்த வளைவில் நான் ஹாரன் அடிப்பதில்லை. சத்தம் கேட்டால் மனுஷன் எழுந்து வந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். பாவம், தூங்கட்டும்.