மஞ்சள் விளக்குப் பிரிவு

ஒரு டீசல் வண்டியைக் கெடுக்கச் சுலபமான வழி, அதை ஓட்டாமல் வைத்திருப்பது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். ஓர் அரசு அலுவலகம் போதும்.

அப்போது எங்கே பார்த்தாலும் வேனுக்குள் வீடு கட்டும் மோகம். கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்குத் திரை மாட்டிப் படம் எடுத்துப் போடுவார்கள். வீட்டில் இருக்கிற கட்டிலில் படுத்தால் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சான்றிதழ் வழங்கும் துறையின் இயக்குநரும் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். "மக்கள் ஏன் அலுவலகத்தைத் தேடி வர வேண்டும்? அலுவலகம் மக்களைத் தேடிப் போகட்டும்" என்று ஆணை பிறந்தது. வண்டியும் வந்தது. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கழிப்பறை, ஏசி எல்லாம் இருந்தன. விண்ணப்பம் வைக்கத்தான் இடமில்லை.

அதற்கு ஓட்டுநர் என் தங்கையின் புருஷன். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். இந்த வருஷம் கோப்பு நகர்ந்து, ஒரே ஒரு நிபந்தனையில் வந்து நின்றது. ஆண்டாய்வு நாளில் அவர் பொறுப்பிலுள்ள வாகனம் பதிவேட்டோடு ஒத்திருந்தால் பணி நிரந்தரம். இல்லாவிட்டால் பணியே இல்லை.

"பதிவேட்டில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"நல்ல நிலையில் உள்ளதுன்னு இருக்கு மச்சான்."

"வண்டியை நல்லா வெச்சிரு. தீர்ந்தது."

சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே!

வண்டி தினமும் கொட்டகையிலிருந்து அலுவலக வாசல் வரை போகும். நானூறு மீட்டர். அங்கே ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் நிறுத்துவார்கள். அதிகாரிகள் வண்டிக்குள்ளே போய்ச் சாப்பிடுவார்கள், கொஞ்சம் சாய்வார்கள். சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பும். மக்களைத் தேடியது. மக்கள் கிடைக்கவில்லை.

டீசல் எஞ்சினுக்கு இது ஆகாது. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு. வண்டி வேகமாக ஓடிச் சூடேறினால் அந்தக் கரி தானே எரிந்து போய்விடும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஓட்டுநர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

எரிந்தது.

மாப்பிள்ளை என் வண்டி ரிப்பேர் பட்டறைக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார். போய்ப் பார்த்தேன். அலுவலகக் கண்காணிப்பாளர் வெளியே வந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா.

"பெரியவரே, என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல சார். நெடுஞ்சாலையில அரை மணி நேரம் விரட்டி ஓட்டுங்க. விளக்கு அணைஞ்சிரும்."

"விளக்கு எரியற வாகனத்தை வளாகத்தை விட்டு வெளியே எடுக்க விதி இல்ல. அணைஞ்ச பிறகு ஓட்டறோம்."

"ஓட்டினாத்தான் அணையும்."

"அணைஞ்சாத்தான் ஓட்டலாம்."

"அப்ப எப்பத்தான் அணையும்?"

"அதைத்தானே உங்ககிட்ட கேட்கிறேன்?" என்றார். மனிதர் நிஜமாகவே கேட்டார்.

கோப்பில் எழுதினார். 'விளக்கு முக்கியமானது என்பதில் தொழில்நுட்பத் தரப்பும் நிர்வாகத் தரப்பும் ஒருமனதாக உள்ளன.'

பத்து நாளில் மஞ்சள் விளக்குப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். மூன்று பேர். ஒருவர் விளக்கைப் பார்ப்பார். ஒருவர் எழுதுவார். பார்த்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று மூன்றாமவர் சரிபார்ப்பார். தினமும் நான்கு முறை. இளமஞ்சள், மஞ்சள், அடர்மஞ்சள் என்று மூன்று கட்டம். எஞ்சின் ஓடும்போது எரியும் விளக்குத்தான் கணக்கில் சேரும் என்று ஒரு சுற்றறிக்கை. ஆகவே விளக்கைக் கண்காணிப்பதற்காக எஞ்சினை நாள் முழுக்க ஓடவிட்டார்கள். கரி இன்னும் சேர்ந்தது. விளக்கு தங்கமாக எரிந்தது.

நான் சொன்ன நெடுஞ்சாலை யோசனையையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. குழு அமைத்துப் பரிசீலித்து, 'நிலையிடப் பயணம்' என்று ஒன்றை அனுமதித்தார்கள். மாப்பிள்ளை காலை பத்து மணிக்கு இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, நின்ற வண்டியில் அரை மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். வளைவு வந்தால் திருப்ப வேண்டும். எழுத்தர் பக்கத்தில் நின்று, "இப்ப வளைவு" என்பார்.

"ஹாரன் அடிக்கலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்.

"எதிரே வண்டி வந்தா அடிங்க."

இப்படியே மூன்றரை மாதம். பிறகு இரண்டாவது விளக்கு எரிந்தது. பிரிவில் ஒரே பரபரப்பு. விளக்குகளின் எண்ணிக்கை நூறு சதவீதம் உயர்ந்திருப்பதாக அறிக்கை போனது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது டீசல் தீரப்போகுதுன்னு சொல்ற விளக்கு" என்றேன்.

கண்காணிப்பாளர் சிரித்தார். "ஓடின கிலோமீட்டருக்குத்தான் டீசல் செலவாகும். அட்டவணையே இருக்கு. அதன்படி இந்த வருஷத்து டீசலும் போட்டாச்சு. இந்த வண்டி வளாகத்தை விட்டே போகல. அப்ப டீசல் எப்படித் தீரும்?"

"எஞ்சின் நாள் பூரா ஓடுதே சார்."

"எஞ்சின் ஓடுது. வண்டி ஓடல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

நான் குழப்பவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆண்டாய்வு வியாழக்கிழமை என்று கடிதம் வந்தது. தங்கை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, இத்தனை வருஷம் எஞ்சினோட பேசினியே, இந்த ஒரு எஞ்சினைப் பார்த்துக் கொடுக்க மாட்டியா? இவருக்கு இது போச்சுன்னா வேற எங்க போவாரு? இந்த வயசுல யாரு வேலை கொடுப்பா?"

"பார்க்கிறேன் போ."

"பார்க்கிறேன்னு அவங்களும்தான் மூணு பேரு தினம் பார்க்கிறாங்க."

சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கேன் டீசலோடு போனேன். மாப்பிள்ளையிடம் சாவி இருந்தது. வாசலில் காவலாளி.

"விளக்கு எரியற வண்டி வெளியே போகக்கூடாதே" என்றார்.

"போகுது."

யோசித்தார். "போகக்கூடாத வண்டி போச்சுன்னு எழுத நோட்டில இடம் இல்ல. அதனால நீங்க போகல" என்று கதவைத் திறந்துவிட்டார். அந்த அலுவலகத்தில் மூளை உள்ள ஒரே ஆள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னால் கருகருவென்று புகை. மாப்பிள்ளை கியரை மாற்றக் கையை நீட்டினார்.

"கியரை ஏத்தாதே. மூணுலயே இழு."

"கத்துது மச்சான்!"

"கத்தட்டும். இத்தனை மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு."

தொட்டியில் கரண்டிகள் குதித்தன. கழிப்பறைக் கதவு தானே திறந்து தானே சாத்திக்கொண்டது. திரைகள் பறந்தன. கருகல் வாடை அடித்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி இளம் குதிரை மாதிரி ஆகிவிட்டது. எதிரே நிஜமாகவே ஒரு லாரி வந்தது. மாப்பிள்ளை ஆசை தீர ஹாரன் அடித்தார்.

திங்கள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "மச்சான், உடனே வாங்க. இங்க அழுதுகிட்டு இருக்காங்க."

போனேன். பார்ப்பவர் வண்டிக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சரிபார்ப்பவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"விளக்கைக் காணோம்" என்றார் கண்காணிப்பாளர்.

"அணைஞ்சிருச்சு. வண்டி நல்லாயிருச்சு."

"நல்லாயிருச்சா?" பதிவேட்டைத் தூக்கி என் முன்னால் போட்டார். "நல்ல நிலைங்கறது பழைய பக்கம். அதுக்கப்புறம் நூற்றுப் பதினாலு நாள் எரியுதுன்னு எழுதியிருக்கு. நானூற்று ஐம்பத்தாறு பதிவு. வியாழக்கிழமை இயக்குநர் வராரு. பதிவேட்டில எரியுது, வண்டியில எரியல. ஒத்துப்போகலையே! மொதல்ல உங்க மாப்பிள்ளைதான் வீட்டுக்குப் போவாரு. அப்புறம் இந்த மூணு பேரு."

"பதிவேட்டைத் திருத்துங்க."

"பதிவேட்டைத் திருத்தினா அது மோசடி. வண்டியைத் திருத்துங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். திட்டினாலாவது தேவலை. என் தங்கை முகம் அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

பட்டறைக்குப் போய் ஒரு சின்ன மஞ்சள் பல்பு, இரண்டு துண்டு ஒயர், ஒரு பேட்டரி எடுத்து வந்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கட்டினேன். வேலை பத்து நிமிஷம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டியைப் பிழைக்க வைத்திருக்கிறேன். நல்ல வண்டிக்கு நோய் ஒட்டவைத்தது இது ஒன்றுதான்.

"கொஞ்சம் அடர்மஞ்சளா வருமா? போன வாரம் அந்தக் கட்டத்தில இருந்துச்சு" என்றார் எழுதுபவர்.

அதையும் செய்தேன்.

வியாழக்கிழமை இயக்குநர் வந்தார். குனிந்து பார்த்தார்.

"எத்தனை நாளா எரியுது?"

"நூற்றுப் பதினேழு நாள் ஐயா."

"இடையில அணைஞ்சதா?"

"ஒரு வேளைகூட இல்லை ஐயா."

இயக்குநர் நிமிர்ந்தார். கண்ணில் பெருமிதம். "மற்ற கிளைகளில் இந்த அக்கறை இல்லையே!"

அன்று மாலையே மாப்பிள்ளைக்குப் பணி நிரந்தரம். மறுவாரம் எல்லாக் கிளைகளிலும் மஞ்சள் விளக்குப் பிரிவு தொடங்க ஆணை. விளக்கு எரியாத வாகனம் வைத்திருக்கும் கிளைகள் மூன்று மாதத்துக்குள் எரிய ஆவன செய்ய வேண்டுமாம். என்னை எல்லாப் பிரிவுகளுக்கும் தொழில்நுட்ப ஆலோசகராகப் போட்டார்கள். முடியாது என்றுதான் சொல்லப் போனேன். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். முட்டிவலிக்காரன், உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் அந்தப் பல்புக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள், கையில் விண்ணப்பம்.

"ஐயா, இந்த வண்டி எங்க பக்கம் வரும்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா காத்திருக்கோம். ஓடுமா?"

ஓடும் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும்.

"விளக்கு எரியுது பாரும்மா. எரியறப்ப எடுக்க விதி இல்ல."

"அணைச்சிட்டு எடுக்கக்கூடாதா? நீங்கதானே அணைக்கிறவரு?"

"நான் அணைக்கிறவன் இல்லம்மா. எரிய வைக்கிறவன்."

"அப்ப நீங்க பெரிய அதிகாரிங்களா?" என்று பதறி, விண்ணப்பத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.