லத்தீன் அக்கா இரவல் தந்த வியாதி

சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துச் சனம் நிம்மதியாக ஒரு தும்மல் தும்ம முடியாமல் போனதற்கு லத்தீன் அக்காவைத் தவிர வேறு யாரும் காரணமில்லை. ஷெல் அடிக்கிற நேரத்திலும் ஒருமாதிரித் தும்மிவிடலாம். அவர் பக்கத்தில் நின்றால் முடியாது. தும்மல், விக்கல், கால் விறைப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் நாக்கைப் பிரட்டும் ஒரு லத்தீன் பெயர் இருந்தது. அதை நீங்கள் இரண்டுதரம் திருப்பிச் சொல்லுமட்டும் விடமாட்டார்.

அவர் டொக்டர் இல்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளர் அட்டைகளை அடுக்கிவைக்கும் கிளார்க். யாரோ ஒரு பழைய டொக்டர் விட்டுப்போன மருத்துவ அகராதியை, மட்டை கழன்றதை, கோதுமை மாச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு திரிவார். அதிலுள்ள பெயர்களில் பாதி கிரேக்கம் என்று பின்னால்தான் அறிந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சந்திச் சோதனைச்சாவடியில் ஓர் ஆமிக்காரன் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, தோலில்லாத மனிதனின் படத்தைக் கண்டு வெருண்டுபோனான். லத்தீன் அக்கா தனக்குத் தெரிந்த நாற்பது சிங்களச் சொல்லையும் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் விளக்கம் கொடுத்தார். மூன்றாம் நாள், அவர் தூரத்தில் வரும்போதே "போங்க, போங்க" என்று கையைக் காட்டிவிட்டான். ஒரு மாதத்தில் அவனே முழங்கைச் சொறியைக் காட்டிப் பெயர் கேட்டு, சிகரெட் பெட்டியில் எழுதிக் கொண்டுபோனான்.

பாதை பூட்டினால் மருந்து லொறி கந்தளாயோடு நின்றுவிடும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்களை லத்தீன் அக்கா வாசலில் மறிப்பார்.

"மருந்து வரத்தான் ஆமியின்ர பாஸ் வேணும். பேருக்குப் பாஸ் தேவையில்லை. பேரையாவது கொண்டு போங்கோ."

சனம் சிரித்துக்கொண்டுதான் வாங்கியது. ஆனால் வாங்கியது.

நானும் சிரித்தவள்தான், என் தலைக்கு வருமட்டும். எனக்குக் கலியாணம் முடிந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து எங்களோடு வந்திருந்த மாமி நாள் குறித்துவிட்டார்.

"ஆவணி வரைக்கும் பார்ப்பன். பிறகு மகனுக்கு வேற இடம் பார்க்கத்தான் வேணும்."

துறைமுகத்தில் இருபது பேரை விரட்டி வேலை வாங்குகிற என் புருஷன், தாயின் முன்னால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருதரம் வரும் பெண் டொக்டரிடம் காட்டினேன். "உங்களில ஒரு குறையும் இல்லை, அவரை வரச் சொல்லுங்கோ" என்றார். வீட்டில் வந்து சொன்னால் மாமி, "ஒண்டுமில்லையெண்டால் பிள்ளை எங்க? ஆம்பிளையில என்னத்தைச் சோதிக்கிறது?" என்று முடித்துவிட்டார். ஒரு வியாதியும் இல்லாதது எனக்குப் பெரிய கரைச்சலாகிவிட்டது.

லத்தீன் அக்காவின் அட்டை அறையில் போயிருந்து அழுதேன். அவர் அகராதியை விரித்து, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"இந்தா. ஹைப்பரோவேரியா. முட்டை உண்டாகிற சூலகம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறது."

"எனக்கு அதா அக்கா?"

"இல்லை. ஆனா இந்த ஆஸ்பத்திரியில இது ஒருத்தருக்கும் இல்லை பிள்ளை. சும்மா கிடக்குது. கொஞ்ச நாளைக்கு நீங்க வச்சிருங்கோ."

புத்தகம் இரவல் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வியாதி இரவல் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த நாளே வீட்டுக்கு வந்து கதிரையை மாமிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமி, துறைமுகத்தில சிலபேர் ஓவர்டைம் செய்யிறவையெல்லோ? உங்கட மருமகளின்ர சூலகமும் அப்பிடித்தான்."

"அப்ப குறையில்லையோ?"

"குறையோ? கூட!"

மாமி நிமிர்ந்து இருந்தார். லத்தீன் அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஆனா இதுக்குப் பெண்ணை மட்டும் பார்த்து மருந்து செய்ய ஏலாது. புருஷனும் சோதிக்க வேணும். புத்தகத்தில கிடக்கு."

புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. இருந்தாலும் மாமி குழாயடி முழுக்க "எங்கட மருமகளுக்கு ஓவர்டைமாம்" என்று சொல்லித் திரிந்தார். அடுத்த கிளினிக் நாளில் மகனைத் தானே இழுத்துக்கொண்டு போனார்.

சோதனை முடிவு வந்த அன்று இவர் குசினி வாசலில் நின்றார். "அம்மா, குறை அவளில இல்லை. என்னிலதான். மருந்து குடுத்திருக்கினம். இனி வேற இடக் கதை வேண்டாம்."

இவர் இவ்வளவு நீளமாகத் தாயோடு கதைத்ததை நான் அன்றுதான் கேட்டேன். மாமி தேத்தண்ணீர் ஊற்றி, முதல் கோப்பையை எனக்கு நீட்டினார். ஆவணியும் வந்து போனது; வேற இடக் கதை வரவில்லை.

நான் லத்தீன் அக்காவிடம் ஓடினேன்.

"வியாதியைத் திருப்பித் தர வந்தனான் அக்கா!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "எனக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டனீங்கள்?"

அவர் அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "என்னைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பேக்கப் புருஷன் வீட்டார் ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னவை பிள்ளை. மலடி எண்டு. ஒரு டொக்டரிட்டக் காட்டவும் இல்லை. திருப்பிச் சொல்ல என்னட்ட அப்ப ஒரு சொல்லும் இருக்கேல்லை."

நான் கதிரையை அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பொழுதுபடுமட்டும் அட்டை எடுத்துக் கொடுத்தேன். ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு ஓடி, மாமியிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். லத்தீன் அக்காவுக்காக நான் இன்னும் எவ்வளவு ஏச்சும் வாங்கியிருப்பேன்.