நாலாம் நம்பர் பாட்டிலும் நீ தின்ற குடல் குழம்பும்

அரூர்
9-9-1986

மெட்ராஸ் காலேஜில் ஆட்டுக் கிருமி ஆராயும் மருமகன் சலாவுதீனுக்கு, மாமு சர்தார் சொல்லச் சொல்ல, தபால்காரர் ராஜப்பன் கையால் எழுதுவது. ஸலாம். ஆண்டவன் கருணையால் நானும் உன் மாமி ஜான் பீயும் மிச்சமிருக்கும் ஆடுகளும் நலம். ‘மிச்சமிருக்கும்’ என்று ஏன் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தை ராஜப்பன் இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் அனுப்பிய ஏழு பாட்டில் புழுக்கையில் நாலாம் நம்பரில் மட்டும் உலகத்தில் யாரும் பார்க்காத கிருமி ஒன்று இருந்ததாகவும், அது உருண்டையா நீளமா, என்ன தின்கிறது, என்ன விடுகிறது என்று எட்டு மாதம் பார்த்தும் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை என்றும், புதுக் குடும்பம் கட்டி நம் ஊர்ப் பெயரை வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். கேட்டு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியில் குனிந்தது. கரண்ட் போய் உங்கள் பெட்டியில் இருந்த அந்தக் கிருமி அத்தனையும் செத்துவிட்டது, நாலாம் நம்பர் ஆட்டைப் பத்திரமாக வையுங்கள், பதினெட்டாம் தேதி புரபசரோடு வருகிறேன், மறுபடி எடுத்துக் காட்டாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண் என்று எழுதியிருக்கிறாய்.

மருமகனே, நாலாம் நம்பர் சீனி. நெற்றியில் எட்டணா அளவு வெள்ளை உள்ள கறுப்பி. மொரப்பூர் ஸ்டேஷனில் நான் பாட்டில் பெட்டியைக் கொடுத்தபோது ஐஸ் உருகி, நீ ஒட்டச் சொன்ன நம்பர்ச் சீட்டெல்லாம் தண்ணீரில் மிதந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். “போச்சு மாமு, எது எந்த ஆடுன்னு இனி எப்படித் தெரியும்?” என்று தலையில் கை வைத்தாய். கார்டு விசில் ஊதுகிறார். நான் பாட்டிலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இது சாம்பல், இது மொண்டிக்காலு, இது சீனி” என்று ஏழையும் சொன்னேன். நீ பேனாவால் எழுதிக்கொண்டு, “படிக்காத மனுசனுக்கு இப்படி ஒரு தலையா!” என்றாய். அந்த ஒரு சொல்லைத்தான் அதன்பிறகு பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுத்து தெரியாதவனுக்கு ஞாபகம்தானே நோட்டுப் புத்தகம். அறுபத்தாறு பஞ்சத்தில் எந்தச் சந்தையில் எந்த ஆட்டை விற்றேன் என்று இன்றும் அதன் கொம்பு வளைவோடு சொல்வேன்.

ஆனால் போன ஜூன் மாதம் நீ லீவில் வந்தாயே, அன்று விடியலில் உனக்காக நான் அறுத்தது சீனியை. நல்ல ஆட்டைத்தான் மருமகனுக்குப் போட வேண்டும் என்ற வீம்பு. குடல் குழம்பை நீ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, “மாமி, இந்த ருசி மெட்ராஸ்ல இல்லீங்க” என்றாய். மூன்று வருடமாக எதைத் தேடினாயோ அதைச் சோற்றில் பிசைந்து தின்றிருக்கிறாய். உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கத்தியோடு போனபோது சீனி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உன் கடிதம் வந்து நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. “மாமு சீனிய அறுத்துட்டாருன்னு நீங்களே எழுதிடுங்க” என்று சொன்னால், “அத நீங்களே உங்க வாயால சொல்லுங்க பாய், என் பேனா கூசுது” என்கிறார் ராஜப்பன். ஆகவே நானே சொல்கிறேன். உன் படிப்பை அறுத்தவன் நான்தான். புரபசரிடம் என் பெயரையே சொல்லிவிடு. முடிந்தால் மன்னித்துவிடு.

உனக்கு நீண்ட ஆயுளும், கரண்ட் போகாத காலேஜும் கிடைக்க துஆ செய்யும்,
மாமு சர்தார் (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை ராஜப்பன் உரக்கப் படித்துக் காட்டும்போது அடுப்படியிலிருந்து உன் மாமி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“சீனி எங்க செத்துச்சு? எங்கையால பால் குடிச்சு வளந்தத அறுக்க வுடுவனா? முந்தின நாளே அதோட நெத்தியில கரி பூசிட்டேன். அதே மாதிரி இருக்குற அதோட கூடப் பொறந்த கறுப்பி நெத்தியில சுண்ணாம்பு வச்சேன். நீங்க சுண்ணாம்பு வச்சத அறுத்தீங்க, கரி பூசினத அதோட கூடப் பொறந்ததுன்னு நெனச்சு எங்க அக்கா அஸ்கரி வூட்டுக்கு மொரப்பூருக்கு ஓட்டிவுட்டீங்க.”

ஆகவே சீனி மொரப்பூரில் உயிரோடு இருக்கிறது. புரபசரை அழைத்து வா. ஆனால் ஒன்று. என்னை நிமிர்ந்து பார்த்தது சீனி என்று மூன்று மாதம் அழுதவன் நான். நெற்றிச் சுண்ணாம்பைக்கூடக் கண்டுபிடிக்காத இந்தக் கண்தான் மொரப்பூர் பிளாட்பாரத்தில் புழுக்கையைப் பார்த்து ஆட்டைச் சொன்னது. அந்த ஏழு பாட்டிலில் ஒன்று சீனியோடு பிறந்ததுடையது; நாலாம் நம்பர் சீனியுடையதா, அதனுடையதா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. சீனியுடையது என்றால் உன் கிருமி மொரப்பூரில் இருக்கிறது. மற்றதுடையது என்றால், மருமகனே, நீ அதை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது சாப்பிட்டதுதான்.