இருபது தலைகீழ் கிளிப்புகள்

டெப்போவில் நேரக்காப்பாளர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். வீட்டில் அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு ரிப்பன் துண்டுகூட நகராது. சாப்பாட்டு மேஜை பறிபோய் மூன்று மாதம் ஆகிறது. மனைவி தலைக்கு மாட்டும் கிளிப் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து மேஜை முழுக்க ரிப்பன் சுருள், பசை, கத்திரிக்கோல், ரிப்பன் முனையைச் சுட மெழுகுவர்த்தி. மனுஷன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் சாப்பிடுகிறார். போன வாரம் ஏதோ புதுக் கீரை என்று மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பச்சை ரிப்பன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைக் கையை மடித்துவிட்டுச் சபதம் எடுத்தார். அந்த மேஜையை மீட்காமல் ஓய்வதில்லை. சண்டை போட்டு அவர் ஜெயித்ததாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது. கூட இருந்தே குழி பறிப்பதுதான் வழி.

"நானும் கொஞ்சம் ஒட்டித் தரட்டுமா?" என்றார் தேன் ஒழுக.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஏன், புருஷன் ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

"தாராளமா பண்ணுங்க. சாயங்காலம் டான்ஸ் டீச்சர் வராங்க. அவங்க கேட்ட நாப்பது கிளிப்புல இருபது முடிச்சிட்டேன். பாக்கி இருபதுக்கும் தகரம் தெரியாம ரிப்பன் சுத்தி வெச்சிருக்கேன். மேல ரிப்பன் பூவை ஒட்டணும், அவ்வளவுதான். பூவோட வால் ரெண்டும் இந்தப் பக்கம் தொங்கணும். மறந்துகூட மாத்தி ஒட்டிடாதீங்க."

"ஒட்டினா?"

"வால் ரெண்டும் கொம்பு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும். டீச்சர் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டுப் போயிடுவாங்க. என் பொழப்பு அதோட முடிஞ்சுது."

"ஐயையோ!" என்றார் அவர். உள்ளுக்குள் பூரிப்பு தாங்கவில்லை.

அவள் துணி துவைக்கப் போனதும் வேலை மும்முரமாக நடந்தது. இருபதையும் மாற்றி ஒட்டினார். சூடான பசை இரண்டு விரலைப் பதம் பார்த்தது. கட்டை விரலோடு ஒரு பூ ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பன்னிரண்டாவது கிளிப்பில் மனசாட்சி லேசாக உறுத்தியது. பாவம், கழுத்து வலியோடு உட்கார்ந்து செய்கிறாளே! உடனே பச்சை ரிப்பன் ஞாபகம் வந்தது. பதின்மூன்றாவதை எடுத்தார்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது, 'விடும்மா, நமக்கெதுக்கு இந்த வம்பு' என்று சொல்வதற்குத் தோதான முகத்தோடு தயாராக நின்றார். டீச்சர் மனைவி செய்த கிளிப்பைத் தன் தலையில் வலப்பக்கம் மாட்டினாள். அவர் செய்ததை எடுத்து இடப்பக்கம் மாட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள்.

"அடடா, ரெண்டு பக்கமும் வால் அழகாத் தொங்குதே! மத்தவங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி ஒட்டிடுறாங்க. வலப்பக்கம் சரியா இருக்கும், இடப்பக்கம் பிள்ளைங்களுக்குக் கொம்பு முளைச்சிடும். யாரு இந்த இடப்பக்கம் செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"தேர்ந்த கை சார் உங்களுக்கு! அடுத்த வாரம் இன்னொரு வகுப்புக்கும் வேணும்."

டீச்சர் படியிறங்கியதும் நேரக்காப்பாளர் மனைவி பக்கம் திரும்பினார்.

"மாத்தி ஒட்டாதேன்னு சொன்னியே!"

"ஆமா. மாத்தி ஒட்டினாத்தான் இடப்பக்கத்துக்குச் சரியா வரும். எனக்குக் கை பழகின பக்கமே போயிடுது."

"அதை நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நேரா சொல்லி நீங்க எதைச் செஞ்சிருக்கீங்க? இருபத்திரண்டு வருஷமா ஜன்னலைச் சாத்துங்கன்னா திறந்து வெக்கிறீங்க. திறந்தே இருக்கட்டும்னா ஓடிப் போய்ச் சாத்துறீங்க."

அவருக்கு அவமானத்தில் காது சிவந்தது. கட்டில் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு புதுச் சபதம் எடுத்தார். இனிமேல் அவள் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே செய்து தீர்ப்பது. அப்போது தெரியும் இவளுக்கு!

"என்னங்க, சாப்பிட்டதும் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வெச்சிடுங்க" என்று குரல் வந்தது.

பழிவாங்கும் வெறியோடு கழுவி வைத்தார்.